பொது இடத்தில் லேப்டாப்போடு வேலையா? ஒரே இழுப்பில் பறிபோகாமல் காப்பது எப்படி

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நூலகத்தில் என் மேசைக்கு எதிரே ஒரு மாணவி உட்கார்ந்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீர் பிடிக்க எழுந்து போனார். ஒரு இளைஞர் வந்தார். திரையை மடக்கினார், சார்ஜரைப் பிடுங்கினார், லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாக நடந்து போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூட வந்தவர் என்று நினைத்துவிட்டேன். அந்த மாணவி பாட்டிலோடு திரும்பியபோது மேசையில் ஒரு நோட்டுப் புத்தகமும், முனையில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்த சார்ஜர் ஒயரும்தான் மிச்சம். மூன்று மாத எழுத்து அதற்குள் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை.

வந்தவர் எதையும் உடைக்கவில்லை. தொட்டால் கையோடு வரும் என்று தெரிந்த பொருளை எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் நோக்கம் ஒன்றே: ஒரு இழுப்பில் லேப்டாப் வரக்கூடாது.

படி 1: வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் சீரியல் எண் பொடி எழுத்தில் இருக்கும். போனில் படம் எடுத்து, லேப்டாப்பில் மட்டும் இல்லாத இடத்தில் சேமித்துவிடுங்கள். தொலைந்தால் காவல் நிலையத்தில் முதலில் கேட்கப்படும் விவரங்களில் அதுவும் ஒன்று.

அடுத்து, விண்டோஸோ மேக்கோ எதுவானாலும், செட்டிங்ஸில் சாதனத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். போன பிறகு அதை இயக்க முடியாது. வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் வசதியையும் (விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட்) இயக்கிவிடுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு ஒரு பிரதி வெளியே இருக்கட்டும். இதையெல்லாம் ஒரு மாலை நேரத்தில் முடித்துவிடலாம்.

படி 2: பூட்டுத் துளையைக் கண்டுபிடித்தல்

லேப்டாப்பின் பக்கவாட்டில், பெரும்பாலும் பின்மூலைக்கு அருகே, சின்னதாக ஒரு நீள்சதுரத் துளை இருக்கும். பக்கத்தில் பூட்டுப் படமும் இருக்கலாம். பலர் வருடக்கணக்கில் பார்த்தும் எதற்கென்று தெரியாமல் இருப்பார்கள். கென்சிங்டன் ஸ்லாட் என்று பெயர். 1990களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அளவு 7 மி.மீ.க்கு 3 மி.மீ. பூட்டின் தலை டி எழுத்தைப் போல இருக்கும். அது உள்ளே போய்க் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும், பிறகு இழுத்தால் வராது.

எல்லா லேப்டாப்பிலும் இதே துளை இருக்காது. மெல்லிய மாடல்களில் 6 மி.மீ.க்கு 2.5 மி.மீ. அளவில் நானோ ஸ்லாட் இருக்கலாம். வேறு சிலவற்றில் ஆப்பு வடிவத் துளை இருக்கும். ஒன்றுக்கான பூட்டு இன்னொன்றில் பிடிக்காது. ஆகவே பூட்டு வாங்கும் முன் உங்கள் மாடலின் விவரக் குறிப்பைப் பாருங்கள்.

துளையே இல்லையா? மேக்புக் ஏர் போன்றவற்றில் இல்லை. அப்போது பசையால் ஒட்டும் உலோகத் தகட்டை வாங்கலாம், கேபிள் அதில் மாட்டிக்கொள்ளும். ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, அட்டையில் சொல்லியிருக்கும் நேரம் முழுவதும் காயவிடுங்கள். காற்றுத் துளைகள் மேல் ஒட்டாதீர்கள். கீல் இடுக்கில் கேபிளைச் சுற்றிக் கட்டுவது வேண்டவே வேண்டாம், யாராவது இழுத்தால் திரை போய்விடும்.

படி 3: சாவியா, எண்ணா?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எண் பூட்டைத்தான் சொல்வேன், சாவியைத் தொலைக்கும் கவலை இல்லை. உங்கள் எண்ணை அமைத்ததும் உடனே லேப்டாப்பில் மாட்டிவிடாதீர்கள். பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். அமைக்கும்போது சக்கரம் ஒரு எண் நகர்ந்திருந்தால், மாட்டிய பிறகு தெரிந்து பயனில்லை.

பூட்டியதும் நான்கு சக்கரங்களையும் கலைத்துவிடுங்கள். அவசரத்தில் கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு எண் தள்ளிவிட்டு எழுந்து போவது பெரும்பாலோரின் பழக்கம். அதைத் தெரிந்தவருக்கு அது பூட்டே இல்லை.

சாவிப் பூட்டு என்றால் ஒரு சாவியை வீட்டில் வையுங்கள், இன்னொன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், லேப்டாப் பையில் அல்ல. பழைய உருளைச் சாவிப் பூட்டு ஏதாவது கையில் இருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த வகையில் பலவற்றைச் சாதாரணப் பேனாவின் குழாயை வைத்தே திறக்கலாம் என்பது 2004ஆம் ஆண்டிலேயே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

படி 4: எதில் கட்டுவது

நல்ல பூட்டை வாங்கியவர்கள்கூட இங்கேதான் தவறு செய்கிறார்கள். மேசைக் காலில் கேபிளைச் சுற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மேசையின் ஒரு மூலையை ஒரு விரற்கடை தூக்கினால் போதும், கேபிள் காலுக்கு அடியில் நழுவி வெளியே வந்துவிடும்.

கட்டும் முன் ஒரு சோதனை: மேசையைத் தூக்கினால், சாய்த்தால், திருகாணியைக் கழற்றாமல் கேபிள் வெளியே வருமா? வரும் என்றால் அந்த இடம் சரியில்லை. இரண்டு கால்களை இணைக்கும் குறுக்குக் கம்பி, தரையில் பதித்த மேசையின் தண்டு, சுவரில் பொருத்திய கம்பி இவையெல்லாம் நல்ல இடங்கள். நாற்காலியில் கட்டாதீர்கள்.

கட்டும் முறை: கேபிளின் ஒரு முனையில் வளையம் இருக்கும், மறுமுனையில் பூட்டு. கேபிளைக் கம்பியைச் சுற்றிக் கொண்டுவந்து, பூட்டுத் தலையை வளையத்துக்குள் விட்டு இழுங்கள், சுருக்கு இறுகிக்கொள்ளும். பிறகு தலையைத் துளையில் செருகிப் பூட்டுங்கள். கடைசியாக ஒரு முறை இழுத்துப் பாருங்கள். சரியாகத் திரும்பாத தலை பூட்டியதுபோலவே தெரியும், இழுத்தால்தான் கழலும். மிச்சக் கேபிள் நடைபாதையில் கிடந்து யார் காலையும் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி வெட்டும் கருவியோடு வருபவருக்கு இந்தக் கேபிள் சில நொடி வேலைதான். ஆனால் ஆட்கள் நிறைந்த இடத்தில் அப்படி யாரும் துணிவது அரிது. இருந்தாலும் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

படி 5: உட்காரும் இடம்

முதுகுக்குச் சுவர் இருக்கட்டும். வாசலை ஒட்டிய மேசையும், தெருவைப் பார்த்த திறந்த ஜன்னலோரமும் வேண்டாம். பறித்தவர் இரண்டே எட்டில் வெளியே போய்விடுவார். பையைத் தரையில் வைப்பதானால் அதன் வாரில் உங்கள் காலை நுழைத்துக்கொள்ளுங்கள்.

கவனத்தைத் திருப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம். 2013 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஒரு கிளை நூலகத்தில், சில்க் ரோடு என்ற இணையக் கள்ளச்சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட்டை எஃப்.பி.ஐ. பிடித்தது. அவர் லேப்டாப்பைத் திறந்த நிலையிலேயே கைப்பற்ற வேண்டும் என்பது திட்டம். முதுகுக்குப் பின்னால் ஒரு ஜோடி சண்டை போடுவதுபோல நடித்தது. அவர் திரும்பினார், அதற்குள் லேப்டாப் கைமாறிவிட்டது. எச்சரிக்கையாக இருக்க எல்லாக் காரணமும் உள்ள ஒருவருக்கே அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. திருடர்களின் வழியும் இதுதான்: காபி கொட்டும், யாரோ வழி கேட்பார், தரையில் பணம் கிடக்கும். அப்படி எது நடந்தாலும் முதலில் ஒரு கை லேப்டாப் மேல் போகட்டும், பிறகு திரும்பிப் பாருங்கள்.

படி 6: எழுந்து போக வேண்டியிருந்தால்

கழிப்பறைக்குப் போகிறீர்களா? எடுத்துக்கொண்டு போங்கள். இடம் போய்விடும் என்று பயமா? நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போங்கள்.

எழுந்து தண்ணீர் பிடித்துவிட்டு வரும் அளவுதான் என்றால், பூட்டிய லேப்டாப்பின் திரையையும் பூட்டிவிட்டு (விண்டோஸ் விசையோடு எல்), பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தெரியாதவரிடம் எப்படிக் கேட்பது என்று பலர் கூச்சப்படுகிறார்கள். 1975இல் உளவியலாளர் தாமஸ் மோரியார்ட்டி வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். நியூயார்க் கடற்கரையில் ஒருவர் ரேடியோவை விட்டுவிட்டு எழுந்து போவார், இன்னொருவர் திருடர்போல வந்து அதை எடுத்துக்கொண்டு நடப்பார். பார்த்துக்கொள்ளும்படி கேட்காமல் போனபோது பக்கத்தில் இருந்த 20 பேரில் 4 பேர்தான் தடுத்தார்கள். ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுவிட்டுப் போனபோது 20 பேரில் 19 பேர் தடுத்தார்கள்.

இதைப் படித்தபோது அந்த மாணவிதான் நினைவுக்கு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இளைஞரை நான் நிச்சயம் நிறுத்தியிருப்பேன். ஆகவே கேளுங்கள். பொதுவாகச் சொல்லாமல் ஒருவர் முகத்தைப் பார்த்து, ‘இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவேன், நான் வரும்வரை யாரும் இதைத் தொடாமல் பார்த்துக்கொள்வீர்களா?’ என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகு நகருங்கள். கேட்காமலே ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று தானாக முன்வருபவரிடம் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

படி 7: பயணத்தில்

ரயிலில் தூங்கும்போது பையின் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். விமான நிலையச் சோதனையில், உங்களுக்கு முன்னால் இருப்பவர் வாசல் சட்டத்தைத் தாண்டிய பிறகே லேப்டாப் தட்டை ஸ்கேனருக்குள் தள்ளுங்கள். இல்லையென்றால் அது அந்தப் பக்கம் போய்க் கேட்பாரற்றுக் காத்திருக்கும். காரில் வைப்பதானால் கிளம்பும்போதே டிக்கியில் வையுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்திவிட்டு வைத்தால், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போய்விட்டால், இன்னொரு சாதனத்திலிருந்து லேப்டாப்பைத் தொலைவிலிருந்தே பூட்டுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், மற்றவை எல்லாம் அதன் வழியாகத்தான் திறக்கும். பிறகு சீரியல் எண்ணோடு புகார் கொடுங்கள். வரைபடத்தில் இடம் தெரிந்தாலும் தனியாகத் தேடிப் போகாதீர்கள்.

படி 8: வேலை முடிந்து கிளம்பும்போது

பூட்டு கழன்றிருக்கும், பை திறந்திருக்கும், கை ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும். பறிக்க வசதியான நேரம் இது. வரிசை மாறாமல் பாருங்கள்: சார்ஜரைச் சுருட்டிப் பையில் போடுங்கள். மற்றதையெல்லாம் எடுத்து வையுங்கள். அதுவரை பூட்டு பூட்டியபடியே இருக்கட்டும். பிறகு பூட்டைத் திறந்து, லேப்டாப்பை நேராகப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, பையைத் தோளில் மாட்டுங்கள். மேசைக்கு அடியில் குனிந்து கேபிளை அவிழ்ப்பது அதற்கப்புறம்.