கிளஸ்டருக்கு எந்தப் பதிப்பைப் போடுவது?

மொரீஷியஸில், எபேனில் எங்கள் குழு பார்த்துக்கொள்ளும் கிளஸ்டர்களில், அதாவது ஒன்றாக இணைந்து வேலை செய்யும் சர்வர் கூட்டங்களில், குபெர்னெட்டிஸும் (செயலிகளைக் கன்டெய்னர்களில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) செஃப்பும் (Ceph, பல சர்வர்களில் தரவைப் பிரித்துச் சேமிக்கும் மென்பொருள்) ஓடுகின்றன. புதுப் பதிப்பு வந்த வாரமே ஏற்றிவிடலாமா என்று வேலைக்குச் சேரும் தம்பிகள் கேட்பார்கள். வேண்டாம் என்பேன்.

குபெர்னெட்டிஸில் ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதம்தான் திருத்தங்கள் கிடைக்கும். நான் எடுப்பது புதியதற்கு ஒன்று முந்தையதை. அதிலும் கடைசி எண் (1.33.4 என்றால் அந்த 4) நாலைந்தாவது எட்டியிருக்க வேண்டும். பூஜ்யத்தில் முடிவது சோதனைக் கிளஸ்டருக்கு மட்டும். அதற்காகப் பழையதிலேயே உட்கார்ந்துவிடவும் கூடாது. 1.30இலிருந்து 1.33க்கு ஒரே தாவாகத் தாவ முடியாது, 1.31, 1.32 என்று வரிசையாக ஏறித்தான் ஆக வேண்டும்.

செஃப்பில் நடு எண்ணைப் பாருங்கள். 0 என்றால் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது, 1 என்றால் வெளியீட்டுக்கு முந்தைய சோதனை, 2 என்றால் நிலையானது. உதாரணத்துக்கு, 18.2.4 நிலையானது, 18.1 அப்படியல்ல.

எண் மட்டும் போதாது என்பதற்கு எட்சிடி (etcd) என்ற தரவுத்தளமே சாட்சி. குபெர்னெட்டிஸின் மொத்த நிலவரமும் அதில்தான் இருக்கிறது. 3.5.0 வந்தது 2021 ஜூனில். அதிக வேலைப்பளுவில் இருக்கும்போது எட்சிடி திடீரென்று நின்றுபோனால், ஒரு நோடில் (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வரில்) உள்ள தரவும் இன்னொன்றில் உள்ளதும் ஒத்துப்போகாமல் போகலாம் என்று 2022 மார்ச்சில்தான் அறிவித்தார்கள். 3.5.1, 3.5.2 இரண்டிலும் அதே கோளாறு, 3.5.3இல்தான் சரியானது. எந்தப் பிழை அறிக்கையும் வராமல் தரவு கெடுவதைவிடப் பயங்கரம் வேறில்லை. அதனால் ரிலீஸ் நோட்ஸோடு (பதிப்போடு வரும் மாற்றக் குறிப்புகளோடு), திறந்திருக்கும் பிழைப் பட்டியலில் ‘தரவுச் சிதைவு’ தொடர்பானவற்றையும் தேடிப் படித்துவிடுங்கள்.

அப்புறம், எதை நீக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். குபெர்னெட்டிஸ் 1.24இல் டாக்கர்ஷிம் (டாக்கரோடு இணைக்கும் பகுதி) போனது, 1.25இல் பாட் செக்யூரிட்டி பாலிசி (கன்டெய்னர்களுக்கான பாதுகாப்பு விதிமுறை) போனது. உங்கள் நெட்வொர்க், ஸ்டோரேஜ் பிளகின்கள் புதுப் பதிப்பை ஏற்கின்றனவா என்பதும் முக்கியம்.

இங்கே நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை புயல் பருவம். தைப்பூசக் காவடி விடுமுறையும் அதற்குள்தான் வரும். பெரிய மாற்றங்களை ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையே வைத்துக்கொள்கிறேன். தேவையான இமேஜ்கள் (கன்டெய்னர்களை ஓட்டத் தேவையான மென்பொருள் தொகுப்புகள்) எல்லாவற்றையும் முன்பே உள்ளூர் ரெஜிஸ்ட்ரிக்கு (அவற்றைச் சேமித்து வைக்கும் சர்வருக்கு) இறக்கிவிடுவேன். பாதி அப்கிரேடில் கடலடிக் கேபிளை நம்பிக் காத்திருக்க முடியாது.

தொடங்கும் முன் எட்சிடி ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துத் தரவின் நகல்) எடுத்து, அதை வேறொரு மெஷினில் ரிஸ்டோர் செய்து பாருங்கள். செஃப்பில் பெரிய பதிப்பு ஏறிவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது.