மறதி நோய் மாத்திரை: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

செங்கோட்டையில் இருக்கும் எங்கள் ஆச்சிக்கு மறதி நோய் என்று கண்டுபிடித்தது திருவனந்தபுரத்தில். ஆரியங்காவு மலைப்பாதையில் பஸ்ஸில் கூட்டிப்போவது சிரமமாகிவிட, தென்காசியில் இன்னொரு டாக்டரிடம் காட்டினோம். பழைய சீட்டை எடுத்துப் போகவில்லை. புது மாத்திரை வந்தது; பழையதையும் விடவில்லை. அட்டைகளில் பெயர் வேறு வேறு. பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டிலுமே டோனெபெசில் என்ற ஒரே மருந்து, ஒன்றில் 10 மி.கி., மற்றதில் 5. சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி. பத்தாம் நாள் குளியலறை வாசலில் சுருண்டு விழுந்துவிட்டாள். இந்த மருந்து இதயத் துடிப்பைக் குறைக்கும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வைத்தியம் பார்ப்பவர்கள், வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மாத்திரை தொடங்கியதும் போன ஞாபகம் திரும்பிவிடும் என்று காத்திருப்பது அடுத்த தவறு. மூளை அழிவதை டோனெபெசில் நிறுத்தாது. ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனம் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளில், ஞாபகத்தையும் சிந்தனையையும் பார்க்கும் 70 மதிப்பெண் சோதனையில் கிடைத்த பலன் சராசரியாக 3 மதிப்பெண்ணுக்கும் குறைவு. சிறிய பலன்தான். ஆனால் ‘இன்னும் தானாகவே சேலை கட்டிக்கொள்கிறாள்’ என்பது வீட்டில் சின்ன விஷயமா?

அதனால்தான், பலனே இல்லை என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது என்கிறேன். நோய் நடுத்தர நிலையிலோ முற்றிய நிலையிலோ இருந்தவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. மருந்தை நிறுத்தியவர்கள், தொடர்ந்தவர்களைவிட வேகமாகச் சரிந்தார்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

அப்புறம், சளிக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. குளோர்பெனிரமின் போன்றவை அசிட்டைல்கோலினுக்கு நேர் எதிராக வேலை செய்பவை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதைதான்.

ராத்திரி கத்துகிறார் என்று மனநோய் மாத்திரை கேட்டு வாங்குவதும் ஆபத்து. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்தது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, வலி ஏதும் உண்டா என்று முதலில் பாருங்கள். அதைச் சொல்லத் தெரியாமல்தான் பலர் கத்துகிறார்கள்.

ஆச்சிக்கு இப்போது ஒரே அட்டை. இரவில் கொடுத்தபோது கெட்ட கனவு கண்டு அலறினாள். டாக்டரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றினோம். இட்லி சாப்பிட்டதும் அவளே கையை நீட்டுகிறாள்.