ஊருக்குப் போகும் பெட்டியில் எடை எங்கே ஏறுகிறது?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாராவது திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் எடுத்தால், செய்தி தோட்டம் முழுக்கப் பரவ ஒரு சாயங்காலம் போதும். அப்புறம் வாசலில் பொட்டலங்கள் வரும். “ரொம்ப லேசுதான் தம்பி, அக்கா மககிட்ட கொடுத்திடுங்க.” மைலோ, பிஸ்கட், கோடாலித் தைலம். ஒவ்வொன்றும் லேசுதான், ஆனால் மூன்று பேர் ஆளுக்கு ஒரு கிலோ மைலோ கொடுத்தாலே மூன்று கிலோ போய்விட்டது. நம்மவர்கள் கட்டும் கூடுதல் கட்டணத்தில் பாதி இந்தத் தாட்சண்யத்துக்குத்தான் என்பேன்.

டிக்கெட் எடுத்த அன்றே “இரண்டு கிலோதான் இடமிருக்கு” என்று சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாங்கி வைத்துவிட்டுக் கடைசி நாளில் திருப்பிக் கொடுத்தால்தான் மனஸ்தாபம். ஒட்டி மூடிய பொட்டலத்தை மட்டும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சோதனையில் ஏதாவது சிக்கினால் பதில் சொல்ல வேண்டியவர் பெட்டிக்காரர்தான்.

அடுத்தது பெட்டியின் சொந்த எடை. விமான டிக்கெட்டோடு 20 கிலோ எடை அனுமதி வாங்கினால் 20 கிலோ சாமான் போகும் என்று நினைக்கிறோம். பெரிய கெட்டிப் பெட்டி காலியாகவே நாலைந்து கிலோ இருக்கும். துணிப்பை என்றால் அதில் பாதி மிச்சம்.

கையில் கொண்டுபோகும் பைக்குப் பல விமானங்களில் 7 கிலோதான். ஏர் ஏசியாவில் கைப்பை, தோள்பை இரண்டும் சேர்ந்தே அந்த 7 கிலோ. தோளில் மாட்டியிருப்பதை நிறுக்க மாட்டார்கள் என்ற தைரியம் வேண்டாம்.

எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்குவதுதான் மலிவு. கவுண்டரில் கிலோவுக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று கேட்பார்கள், வலிக்கும். போகவும் வரவும் ஒரே அளவு வாங்குவது இன்னொரு தவறு. திரும்பும்போதுதான் கல்யாணப் பட்டு, பித்தளைக் குத்துவிளக்கு, சில்வர் பாத்திரம் எல்லாம் ஏறும். போக 20, வர 30 என்று எடுப்பது புத்திசாலித்தனம். எவ்வளவு வாங்கினாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, எனவே விளக்கையும் பாத்திரத்தையும் ஒரே பெட்டியில் திணிக்காதீர்கள்.

தூக்கிப் பார்த்து எடை சொல்லும் மாமா எல்லா வீட்டிலும் இருக்கிறார், அவரை நம்பாதீர்கள். ஆள் நிறுக்கும் தராசில் பெட்டியோடு ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் சரி. இங்கிருந்து ரயில் பிடித்து கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் மாறி விமான நிலையம் போய்ச் சேர்ந்த பிறகு, எடை கூடிய சாமானை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வழியில்லை. ஒரு கிலோ குறைவாகவே கட்டுங்கள். தராசுக்குத் தராசு கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்.

அப்படியும் கூடிவிட்டால் கவுண்டர் முன்னால் பெட்டியைத் திறந்து கைப்பைக்கு மாற்றுவார்கள். அவசரத்தில் கையில் அகப்படுவது நல்லெண்ணெய் போத்தலாகவோ ஊறுகாயாகவோ இருக்கும். 100 மில்லிக்கு மேற்பட்ட போத்தல் பாதுகாப்புச் சோதனையோடு நின்றுவிடும். பவர் பேங்க் நேர்மாறு, அது கைப்பையில்தான் போக வேண்டும். ஆகவே கைப்பையில் ஒரு கிலோவுக்கு இடம் விட்டு, மாற்றத் தோதான உடுப்பு, பிஸ்கட் வகைகளைப் பெட்டியின் மேலாகவும் எண்ணெய், தைலத்தை அடியிலும் வையுங்கள்.