காத்தவராயன் கதையைக் கூடி ஆடும் பலகை விளையாட்டாக அமைப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் ஆடுபுலி ஆட்டமும் தெரியும், விடிய விடிய நடக்கும் கூத்தும் தெரியும். இவ்விரண்டும் கைவசம் இருந்தால், அரசனுக்கு அடங்காத ஒரு நாட்டார் நாயகனின் கதையை, ஒருவரையொருவர் தோற்கடிக்காமல் எல்லோரும் ஒரே அணியாக நின்று ஆடும் விளையாட்டாக்க முடியும்.

முதல் வேலை கதையைத் தேர்ந்தெடுப்பது. சட்டத்துக்கு ஒளிந்து வாழ்ந்தவன் என்றதும் இங்கே பலருக்கும் வீரப்பன் பெயர்தான் நினைவுக்கு வரும். அவர் 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரால் உறவுகளை இழந்தவர்களும், தேடுதல் வேட்டையில் வதைபட்ட மலைக்கிராமத்தாரும் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் விரித்து வைக்க முடியாத விளையாட்டை நாம் செய்யக் கூடாது. கதைப்பாடலாகவும் கூத்தாகவும் பல தலைமுறைகளாகப் புழங்கிவரும் காத்தவராயன் கதை இதற்கு ஏற்றது. ஆரியமாலையை விரும்பிச் சாதி வரம்பை மீறிய காத்தவராயனை அரசனின் ஆட்கள் தேடுகிறார்கள். தோழன் சின்னான் துணை நிற்கிறான். வேடம் மாற்றி மாற்றித் தப்பித்தவன் கடைசியில் கழுவேறித் தெய்வமாகிறான். திருச்சிச் சீமையில் காவிரிக்கரையில் நடக்கும் கதை அது. நம் ஊர் விளையாட்டு என்பதற்காக அதை ஒகேனக்கல்லுக்கு இழுத்துவர வேண்டாம். சாதி வரம்பை மீறியதால் வந்த வினை என்பதையும் பூசி மெழுக வேண்டாம்.

அடுத்து, எதை வெற்றி என்று வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்; விளையாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது. காத்தவராயனைக் காப்பாற்றினால் வெற்றி என்று வைக்கத்தான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கழுமரம் இல்லாத காத்தவராயன் கதை கிடையாது. அவன் பிழைத்துவிட்டான் என்று சொல்லும் விளையாட்டைக் கதை தெரிந்தவர்கள் ஏற்க மாட்டார்கள். ஆகவே கழுமரத்தைத் தோல்வியாக வைக்காமல் கெடுவாக வையுங்கள். பலகையின் ஓரத்தில் 12 படிகள் கொண்ட கழுமரத்தை வரைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் காத்தவராயனின் காயை ஒரு படி ஏற்றுங்கள். அவன் உச்சியை அடைவதற்குள் ஆரியமாலையையும் சின்னானையும் காவலைத் தாண்டி வெளியேற்றி, அடைக்கலம் கொடுத்த ஊராரில் பத்துப் பேரையாவது பிடிபடாமல் காத்தால் எல்லோருக்கும் வெற்றி. அவன் முடிவு மாறாது, அவனைச் சார்ந்தவர்களின் முடிவு நம் கையில் இருக்கிறது என்றாகும்போதுதான் ஆடுகிறவர்கள் உண்மையாகவே கூடிப் பேசத் தொடங்குவார்கள்.

பலகைக்குப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. ஆடுபுலிக் கட்டத்தின் 23 புள்ளிகளே போதும். மூன்று புலிகள் அரசனின் காவலர். உச்சியிலும் அதை ஒட்டியும் நிற்பார்கள். பதினைந்து ஆடுகள் ஊரார். மூவர் ஆடினால் ஆளுக்கு ஐந்து காய், ஐவர் ஆடினால் ஆளுக்கு மூன்று. தன் முறை வரும்போது ஒருவர் ஒரு காயைப் புதிதாக வைக்கலாம், அல்லது வைத்த காயை ஒரு புள்ளி நகர்த்தலாம், அல்லது ஆரியமாலையையோ சின்னானையோ நகர்த்தலாம். அவ்விருவரும் ஊரார் காய் இருக்கும் புள்ளியில்தான் நிற்க முடியும். கீழ்க்கோட்டில் புறப்படும் அவர்கள், ஒரு வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு அடைக்கலம் மாறுவதுபோல், ஊரார் காய்களின் வழியாகவே உச்சிப்புள்ளிக்குப் போய் வெளியேற வேண்டும். காவலன் வழக்கம்போல் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டுவான். பின்புள்ளியில் இன்னொருவர் காய் இருந்தால் வெட்ட முடியாது. உங்கள் காயைக் காப்பது பக்கத்தில் இருப்பவரின் காய் என்ற இந்தப் பழைய விதியே கூட்டு முயற்சிக்குப் போதுமான அடிப்படை. நகர வழியில்லாமல் அடைபட்ட காவலன் பறையறைவான். கழுமரம் கூடுதலாக ஒரு படி ஏறும். இந்த விதி இல்லாவிட்டால் காய்களை நெருக்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள்.

காவலரை யாரும் கைவசப்படுத்தக் கூடாது. சுற்றுக்கு ஒருவர் கூத்தில் வரும் கட்டியங்காரனாகி, ஒருபக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகளை உருட்டட்டும். ஒன்று முதல் மூன்று வெள்ளை விழுந்தால் அத்தனை காவலர் தமக்கு மிக அருகிலுள்ள ஊராரை நோக்கி நகர்வார்கள், வெட்ட முடிந்தால் வெட்டுவார்கள். நான்கும் வெள்ளை என்றால் காவல் தூங்குகிறது. நான்கும் கறுப்பு என்றால் பறை. கொட்டைகள் இருபுறமும் சமமாக விழுமானால், கடைசி இரண்டுக்கும் தலா 16-இல் ஒரு வாய்ப்பு, இரண்டு வெள்ளைக்கு 16-இல் ஆறு. தேய்த்த கொட்டை அப்படிச் சமமாக விழாது என்பதால், நூறு தடவை உருட்டிக் குறித்துக்கொண்டு, பறை அடிக்கடி வந்தால் வேறு கொட்டைகளைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டு விளையாட்டுகளைக் கெடுக்கும் பெரிய குறை, விவரம் தெரிந்த ஒருவரே எல்லோருக்கும் காய் நகர்த்திவிடுவது. நம் வீடுகளில் பெரியப்பாவோ மாமாவோ சொன்னால் பிள்ளைகள் மறுப்பதும் இல்லை. ஆளுக்கு இரண்டு வேடச் சீட்டுகளைக் கொடுத்து, மற்றவருக்குக் காட்டக் கூடாது என்று விதியுங்கள். வளையல்காரன் வேடம் போட்டால் காவலன் ஒருமுறை அந்தக் காயைத் தாண்ட மாட்டான். தன் காயை ஒட்டிக் காவலன் நின்றால் அந்த ஆட்டக்காரர் பேசக் கூடாது என்பதையும் சேருங்கள். ஒளிந்திருப்பவன் பேசமாட்டான் என்பதால், சிறுவர்களும் இதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்வார்கள்.

மனத்தைத் தொடும் கட்டம் ஒன்றும் தேவை. எல்லோரும் ஒப்புக்கொண்டால், ஆட்டத்தில் ஒரே ஒருமுறை, காத்தவராயன் தானே சரணடையலாம். பிடிபட்ட ஊரார் அனைவரும் கைக்குத் திரும்புவார்கள்; அதன்பின் கழுமரம் சுற்றுக்கு இரண்டு படி ஏறும். எப்போது அவனை அனுப்புவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

ஆரியமாலையை மீட்கப்படும் பொருளாக மட்டும் வைத்துவிடாதீர்கள். அவள் காய் ஓர் ஆட்டக்காரரின் பொறுப்பில் இருக்கட்டும். அவள் எங்கே போவாள் என்பதில் அவர் சொல்வதே முடிவு. காத்தவராயன் பலருக்குக் குலதெய்வம் என்பதால், கேலிச்சித்திரம் வேண்டாம். மரக்காயில் ஒரு குங்குமப் பொட்டு போதும்.

மாம்பழப் பெட்டி அட்டையில் கட்டம் வரைந்து ஆடிப் பாருங்கள். பத்தில் நான்கைந்து ஆட்டங்கள் வெற்றி பெற்றால் அளவு சரி. எளிதாகிவிட்டால் கழுமரத்தில் ஒரு படியைக் குறையுங்கள். கடினமானால் ஒரு படியைக் கூட்டுங்கள். ஒரே நேரத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். பாண்டமிக் என்ற புகழ்பெற்ற கூட்டு விளையாட்டும், கொள்ளைநோய்ச் சீட்டு நான்கா, ஐந்தா, ஆறா என்ற ஒன்றை வைத்தே கடுமையைக் கூட்டுகிறது. கூத்துக் கலைஞர் ஒருவரிடமும் ஆடக் கொடுத்து, கதை எங்கே பிசகுகிறது என்று கேளுங்கள். கடைசியாக, விதிகளை ஒரே தாளில் எழுதிப் பெட்டியோடு பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்திடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்து, அவர்கள் எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறார்களோ அதைக் குறித்துக்கொண்டு வந்து திருத்தி எழுதுங்கள்.