டிஜே ஹெட்ஃபோன்: கடைக்குப் போகும் முன் ஜாக்கைப் பாருங்கள்

ஹெட்ஃபோன் வாங்கக் கிளம்பும் முன், லேப்டாப்பின் டிஜே மென்பொருளை இயக்கும் உங்கள் கன்ட்ரோலரை அல்லது பாட்டுகளைக் கலக்கும் மிக்ஸரை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஹெட்ஃபோன் செருகும் இடம் 3.5 மி.மீ. சின்ன ஜாக்கா, 6.35 மி.மீ. பெரிய ஜாக்கா? மின்சாரம் லேப்டாப்பின் யுஎஸ்பி வழியாக வருகிறதா, தனி அடாப்டரில் ஓடுகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எந்த மாடல் நல்லது என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஒரே ஹெட்ஃபோன் ஒரு மிக்ஸரில் காதைப் பிளக்கும், இன்னொரு கன்ட்ரோலரில் முனகும்.

பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற சிறிய கன்ட்ரோலரில் 3.5 மி.மீ. ஜாக் மட்டும்தான், ஓடுவதும் யுஎஸ்பி மின்சாரத்தில். பப்களில் இருக்கும் டிஜேஎம்-900 நெக்ஸஸ்2 மிக்ஸரில் இரண்டு அளவு ஜாக்கும் உண்டு. டிடிஜே-200-இல் ஒலியை வெளியே அனுப்பும் சவுண்ட் கார்டே கிடையாது. கூட வரும் பிரிப்பான் கேபிளில் ஒரு பக்கம் ஸ்பீக்கருக்கும் மறுபக்கம் ஹெட்ஃபோனுக்கும் போகும், இரண்டுமே மோனோதான். அதை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தேடுவது வீண் செலவு. அந்தப் பணத்தைச் சேர்த்து முதலில் கன்ட்ரோலரை மாற்றுங்கள்.

டிஜே ஹெட்ஃபோனுக்கு ஒரே வேலைதான்: வெளியே ஒரு பாட்டு அலறும்போது, அடுத்த பாட்டின் கிக் டிரம்மும் ஹை-ஹேட் சிம்பலும் தெளிவாகக் கேட்க வேண்டும். இரண்டு பாட்டின் தாளத்தையும் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டன் இருக்கிறதே என்பவர்கள், லைவ் ஆர்க்கெஸ்ட்ரா வைத்துப் பதிவு செய்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்க்கட்டும். தாளம் நடுவில் சற்று ஓடும், சற்றுத் தளரும். மென்பொருள் பாட்டின் மேல் போட்ட தாளக் கோடுகளான பீட் கிரிட் இரண்டாவது சரணத்துக்குள் விலகிவிடும். பெங்களூரு அல்சூர் கல்யாண மண்டபத்தில் வரவேற்பு நடக்கும்போது பெரியவர்கள் கேட்கும் பாட்டெல்லாம் இந்த ரகம்தான். அங்கே காதுதான் துணை.

ஓம் கணக்கு

கடைக்காரர் முதலில் சொல்வது ஓம், அதாவது ஹெட்ஃபோனின் மின்தடை. 32 ஓம் என்றால் எளிதாகச் சத்தம் வரும், 250 ஓம் என்றால் ஸ்டுடியோவுக்கு என்பார். பாதி உண்மை. ஓமோடு, கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற சென்சிட்டிவிட்டியையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். அதிலும் சிலர் 1 மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று போடுவார்கள், சிலர் 1 வோல்ட்டுக்கு. இரண்டையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. மில்லிவாட் கணக்கை வோல்ட்டுக்கு மாற்ற, 32 ஓமுக்கு 15 டெசிபல் கூட்டுங்கள். 80 ஓமுக்கு 11, 250 ஓமுக்கு 6.

பயனியர் எச்டிஜே-க்யூ1 32 ஓம், மில்லிவாட்டுக்கு 104 டெசிபல். 15 கூட்டினால் வோல்ட்டுக்கு 119. பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் மாடல் மில்லிவாட்டுக்கு 96, ஆக வோல்ட்டுக்கு 102. அதே ஜாக்கில், அதே வால்யூம் குமிழ் நிலையில், 17 டெசிபல் வித்தியாசம். 10 டெசிபல் கூடினாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். வீட்டில் மிக்ஸிங் செய்ய 250 ஓம் அருமையான பொருள்தான்; யுஎஸ்பி கன்ட்ரோலரில் செருகினால் குமிழைக் கடைசிவரை திருப்பியும் போதாது.

சென்ஹைசர் எச்டி 25-ஐ 70 ஓம் என்று பார்த்துவிட்டு ஒதுக்குபவர்கள் உண்டு. அதன் 120 டெசிபல் 1 வோல்ட்டுக்கான அளவு. 32 ஓம் க்யூ1-க்குச் சமமான சத்தம், ஒரு டெசிபல் கூடுதலாகவே. ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், மில்லிவாட்டுக்கு 99. வோல்ட்டுக்கு மாற்றினால் சுமார் 113. ஓம் குறைவாக இருந்தும் சத்தம் எச்டி 25-ஐ விடக் குறைவு. யுஎஸ்பியில் ஓடும் கன்ட்ரோலர் என்றால் வோல்ட்டுக்கு 115-க்கு மேல் தேடுங்கள். தனி அடாப்டரில் ஓடும் பெரிய மிக்ஸர் என்றால் இவ்வளவு கறாராக இருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு பேர் மாறி மாறி வாசிக்கும்போது ஒரே ஜாக்கில் பிரிப்பான் போட்டு இரண்டு ஹெட்ஃபோன் செருகுவார்கள். இரண்டு 32 ஓம் சேர்ந்தால் ஜாக்குக்குத் தெரிவது 16 ஓம். சிறிய கன்ட்ரோலர் திணறி, பாஸ் வரும்போதெல்லாம் கரகரக்கும். ஆளுக்கு ஒன்று செருக மிக்ஸரில் இரண்டு ஜாக் இருந்தால் மட்டும் இரண்டு ஹெட்ஃபோன் வைத்துக்கொள்ளுங்கள்.

காதில் எப்படி உட்கார வேண்டும்

பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன் மட்டுமே. திறந்த வகை எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் மேடையில் உதவாது. காது மேல் அமரும் சிறிய கப்பா, காதைச் சுற்றி மூடும் பெரிய கப்பா என்பது உங்கள் பழக்கம். ஒரு காதை மட்டும் திறந்து வேலை செய்பவருக்குச் சிறியது வசதி. எச்டி 25-இல் ஒரு கப் பின்னால் சுழலும், கேபிள் நீங்கலாக எடை 140 கிராம். மணிக்கணக்கில் போட்டிருப்பவருக்கு அதன் அழுத்தம் காது மடலில் வலிக்கும். பெரிய கப் வசதியாக இருக்கும், ஆனால் வியர்க்கும். வெல்வெட் போன்ற துணி உறை குளிர்ச்சிதான், பாஸ் கசியும். தோல் போன்ற உறையே மேடைக்குச் சரி. அது உரியத் தொடங்கியதும் வெளிச்சத்தம் உள்ளே வரும், நீங்களும் அறியாமல் குமிழைக் கூட்டுவீர்கள். அதனால் உறை தனியாகக் கிடைக்கும் மாடலா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கேபிளும் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். முதலில் அறுந்துபோவது அதுதான்.

கேபிள், அடாப்டர், காணாமல் போகும் பாடகர்

சுருள் கேபிள் நல்லது. 1.2 மீட்டர் சுருள் இழுத்தால் 3 மீட்டர் வரை போகும், விட்டால் காலில் சிக்காது. 6.35-க்கு மாற்றும் அடாப்டர் திருகி மாட்டும் வகையாக இருக்கட்டும். வெறுமனே செருகும் வகை மிக்ஸருக்குள்ளேயே தங்கிவிடும். எதிர்த்திசையில், பெரிய பின்னைச் சின்ன ஜாக்கில் மாட்டும் நீளமான கட்டை அடாப்டர் வேண்டவே வேண்டாம். அதன் கனம் நெம்புகோலாக வேலை செய்து கன்ட்ரோலரின் ஜாக்கை உள்ளே சாலிடரிலிருந்து பெயர்த்துவிடும். நடுவில் ஒரு சாண் கேபிள் உள்ள அடாப்டர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். சவுண்ட் சர்வீஸ்காரர் என்ன மிக்ஸர் கொண்டுவருவார் என்று தெரியாத இடங்களுக்கு இரண்டு வகை அடாப்டரும் பையில் இருக்க வேண்டும்.

பாட்டு கேட்கிறது, பாடகர் குரலைக் காணோம், எதிரொலியும் ஓரத்து வாத்தியமும் மட்டும் தூரத்தில் ஒலிக்கின்றன என்றால் ஹெட்ஃபோன் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். ஹெட்ஃபோன் பின் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது அதன் அடிப்பகுதியான கிரவுண்ட் தொடவில்லை. அப்போது இடது வலது சேனல்களின் வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். இரண்டிலும் சமமாகப் பதிவான குரலும் கிக்கும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழுத்திச் செருகுங்கள். தீரவில்லை என்றால் பின்னில் எத்தனை கறுப்பு வளையம் என்று எண்ணுங்கள். மூன்று இருந்தால் அது மைக் வைத்த போன் கேபிள்; சில மிக்ஸர் ஜாக்குகளில் சரியாகத் தொடாது. இரண்டு வளைய கேபிளுக்கு மாறுங்கள்.

லேப்டாப் சார்ஜரைச் செருகினால் மட்டும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறதா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றம் மின் இணைப்பில். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே மூன்று பின் போர்டில் செருகினால் பெரும்பாலும் அடங்கும்.

க்யூ சத்தம், அதாவது ஹெட்ஃபோனில் மட்டும் கேட்க வேண்டிய அடுத்த பாட்டு, ஸ்பீக்கரிலும் கேட்டால் மென்பொருளின் ஆடியோ அமைப்பைத் திறந்து, மாஸ்டர் (ஸ்பீக்கருக்குப் போவது) 1-2, ஹெட்ஃபோன் 3-4 என்று இருக்கிறதா பாருங்கள். ஹெட்ஃபோனை லேப்டாப்பில் செருகியிருப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. அது கன்ட்ரோலரில்தான் இருக்க வேண்டும்.

ப்ளூடூத் வேண்டாம். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) பாட்டில் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். சாதாரண ப்ளூடூத் தாமதம் 200 வரை போகும். கிட்டத்தட்ட அரை பீட் பிந்தி வரும் கிக்கை வைத்து எதைப் பொருத்துவது? கேபிளும் போடலாமே என்று ப்ளூடூத் ஹெட்ஃபோனை வாங்கினால், கேபிளில் பேட்டரி இல்லாமல் ஓடுமா என்று சோதியுங்கள். சில மாடல்கள் ஓடாது.

கடையில்

உங்கள் கன்ட்ரோலரையும் லேப்டாப்பையும் கொண்டுபோங்கள். எம்.ஜி. ரோடோ எஸ்.பி. ரோடோ, செருகிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். முதலில் பாட்டே போடாமல் அணிந்து தெருச் சத்தம் எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள். பிறகு பறை அடி நிறைந்த ஒரு குத்துப் பாட்டு: அடியின் விளிம்பு துல்லியமாக வெட்டினால் நல்லது, 'பொம் பொம்' என்று ஒன்றோடொன்று ஒட்டினால் அந்த ஹெட்ஃபோன் வேறு யாருக்கோ. அடுத்து, கடையின் ஸ்பீக்கரில் வேறு பாட்டு ஓடும்போது குமிழ் பாதியைத் தாண்டாமல் க்யூ தெளிவாகிறதா பாருங்கள். முக்கால்வரை போனால் இந்திரா நகர் பப்பில் சனிக்கிழமை இரவு தாங்காது. கடைசியாகக் குனிந்து, தோளில் ஒரு கப்பை அழுத்தி, தலையை ஆட்டுங்கள். நழுவக்கூடாது.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 85 டெசிபலில் 8 மணி நேரம் என்கிறது; 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மிக்ஸ் முடிந்ததும் ஹெட்ஃபோன் குமிழைக் கீழே இறக்குங்கள். அடுத்த பாட்டுக்கு அங்கிருந்து ஏற்றிக்கொள்ளலாம். உங்களை நோக்கி வைத்த மேடை ஸ்பீக்கரான மானிட்டரைக் குறைத்தால் க்யூவையும் குறைக்க முடியும்.

எச்டி 25-க்குப் போலிகள் ஏராளம். பாதி விலைக்குப் புதிது என்றால் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் பேரம் பேச வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள்.