விமானி உரிமத் தேர்வு: எதைத் தனியாகப் படிக்கலாம், எதைச் சேர்ந்து படிக்க வேண்டும்?

விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுகளுக்கு முதல் முறை நான் முழுக்கத் தனியாகவே படித்தேன். மற்ற தாள்களில் தேறினாலும் நேவிகேஷன் (வழிகாணல்) தாளில் தோற்றேன். இரண்டாம் முறை இரண்டு நண்பர்களோடு சேர்ந்து படித்துத் தேறினேன். கூட்டாகப் படித்தாலே தேறிவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எந்தப் பகுதியைத் தனியாக முடிப்பது, எதை மற்றவர் முன் வைப்பது என்று பிரித்துக்கொண்டதுதான் எனக்குக் கைகொடுத்தது. எத்தனை தாள்கள், தேற எவ்வளவு மதிப்பெண் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தே இருக்கும். நேராக வேலைக்குப் போகிறேன்.

படி 1: மனப்பாடத்தைத் தனியாக முடியுங்கள்

வான்சட்டம் (விமானப் போக்குவரத்து விதிகள்) முழுவதும் இந்த வகை. பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் இணைப்புகளில் எது எதைப் பற்றியது, எந்த வகை வான்வெளியில் என்ன அனுமதி தேவை, காந்தப் பாதை (காந்த வடக்கிலிருந்து டிகிரியில் அளந்த பயணத் திசை) 000 முதல் 179 வரை இருந்தால் எந்த உயரங்களில் பறக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் மூன்று பேர் உட்கார்ந்து வாசிப்பதால் ஒரு பயனும் இல்லை. காலையில் அரை மணி நேரம், கையால் எழுதிய சிறு அட்டைகள், இவை போதும். செயலிகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அட்டையை எழுதும்போதே பாதி மனத்தில் பதிந்துவிடுகிறது.

படி 2: புத்தகத்தை மூடிவிட்டு விளக்குங்கள்

வாரத்துக்கு இரண்டு சந்திப்புகள், மூன்று பேர். நான்காவது ஆள் வந்தால் ஒருவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார். சந்திப்புக்கு முன் எல்லோரும் பாடத்தைப் படித்திருக்க வேண்டும். ஒருவர் வெற்றுத் தாளில் விளக்க, மற்ற இருவரும் "ஏன்?" என்று மட்டும் கேட்க வேண்டும்.

அடர்த்தி உயரத்தை, அதாவது காற்றின் அடர்த்தியைப் பொறுத்து விமானம் உணரும் உயரத்தை, எடுத்துக்கொள்வோம். ஓடுதளம் 2000 அடி உயரத்தில் இருக்கிறது, கியூஎன்ஹெச் (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) 1003 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 35 டிகிரி. அழுத்தம் திட்ட அளவான 1013-ஐவிட 10 குறைவு; ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 30 அடி என்று கொண்டால் அழுத்த உயரம் 2300 அடி. அந்த உயரத்துக்கான திட்ட வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி. நாம் 25 டிகிரி அதிகத்தில் இருக்கிறோம். டிகிரிக்கு 120 அடி வீதம் 3000 அடியைக் கூட்டினால் 5300. இதைத் தனியாக இருபது முறை போட்டிருந்தேன். "கியூஎன்ஹெச் குறைந்தால் உயரத்தை ஏன் கூட்டுகிறாய்?" என்று நண்பர் கேட்டபோது வாயடைத்துப் போனேன். சூத்திரம் தெரிந்திருந்தது, அழுத்தம் குறைவு என்றால் காற்று மெலிவு, மெலிந்த காற்றில் விமானம் அதிக உயரத்தில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும் என்ற காரணம் மனத்தில் ஏறவில்லை.

படி 3: காற்று முக்கோணம்

காற்று வீசும்போது விமானத்தின் மூக்கை எந்தத் திசையில் வைப்பது (ஹெடிங்), தரைமீது என்ன வேகம் கிடைக்கும் என்று காணும் கணக்கு இது. என்னைத் தோற்கடித்தது இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கைக்கணிப்பியில் (விமானிகள் கணக்குப் போடும் சுழல்தட்டுக் கருவி) காற்றுப் பக்கத்தைப் பயன்படுத்த இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில் காற்று வரும் திசையை மேலே வைத்து, நடுத்துளையிலிருந்து மேல்நோக்கிப் புள்ளி வைக்கிறோம். பிறகு பாதையை மேலே திருப்பி, புள்ளியை உண்மை வான்வேகத்தின் (காற்றை ஒட்டி விமானம் செல்லும் வேகம்) மீது நிறுத்தினால் நடுத்துளை தரைவேகத்தைக் காட்டும். இரண்டாம் முறையில் புள்ளி கீழ்நோக்கி விழும். அங்கே நடுத்துளையில் வான்வேகம் இருக்கும், புள்ளிதான் தரைவேகத்தைக் காட்டும். இரண்டுமே சரியான முறைகள்தான். ஆனால் நான் ஒரு புத்தகத்திலிருந்து மேல்நோக்கிப் புள்ளி வைக்கவும், இன்னொன்றிலிருந்து நடுத்துளையில் வான்வேகத்தை வைக்கவும் கற்றிருந்தேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பாதை 090, வான்வேகம் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்), காற்று 030 டிகிரியிலிருந்து 20 நாட். சரியான விடை: இடப்பக்கம் 10 டிகிரி திருத்தம், ஹெடிங் 080, தரைவேகம் 88. என் கலப்பு முறையில் திருத்தம் 9 டிகிரி என்று வந்தது, ஏறக்குறைய சரி. அதனால்தான் பல மாதங்கள் தவறே கண்ணில் படவில்லை. தரைவேகமோ 111 என்று வந்தது. 220 கடல் மைல் பயணத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குச் சொல்கிறது; உண்மையில் இரண்டரை மணி நேரம் ஆகும். எரிபொருள் கணக்கு அப்படியே சரிந்துவிடும்.

முதல் சந்திப்பிலேயே நண்பர் இதைப் பிடித்துவிட்டார். "காற்று முன்பக்கத்திலிருந்து வருகிறது, வேகம் எப்படிக் கூடும்?" என்று கேட்டார். அன்று முதல் கணிப்பியைத் தொடுமுன் சிறு படம் வரைந்து, விடை கூடுமா குறையுமா என்று எழுதிவிடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒரே முறையைத் தேர்ந்தெடுத்து, அதைக் கணிப்பியின் உறையிலேயே எழுதி ஒட்டுங்கள். புள்ளி வைக்க 2பி பென்சில்தான் வேண்டும். பேனா மை எளிதில் அழியாது, பழைய புள்ளி அடுத்த கணக்கைக் கெடுக்கும். செல்பேசிச் செயலிகளை நம்பிப் பழகாதீர்கள். தேர்வு அறைக்குள் அவற்றைக் கொண்டுபோக முடியாது.

படி 4: வினா வங்கி

கடைசி மூன்று வாரங்களுக்கு முன் திறக்க வேண்டாம். திறந்தபின், விடை "இ" என்று சொல்வதோடு நிற்காமல் மற்ற மூன்றும் ஏன் தவறு என்று இருவரிடம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வினாக்களைத் தனி நோட்டில் எழுதுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் அந்த நோட்டை மட்டும் படித்தேன்.

படி 5: வானொலி உரையாடல்

இதைத் தனியாகப் படிக்கவே முடியாது. முதுகோடு முதுகு உட்காருங்கள், முகம் தெரியக் கூடாது. ஒருவர் கட்டுப்பாட்டாளர், ஒருவர் விமானி, மூன்றாமவர் தவறுகளைக் குறிப்பவர். ஓடுதள எண்ணையும் அழுத்த அமைப்பையும் திருப்பிச் சொல்லாமல் விட்டால் உடனே நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர், தங்கள் ஹெடிங் சரியாக வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். இருவருமே காந்தப் பாதையோடு மேல்வெளிக் காற்றைச் சேர்த்திருந்தார்கள். முன்னறிவிப்பிலும் மெட்டாரிலும் (விமான நிலைய வானிலை அறிக்கை) வரும் காற்றுத் திசை உண்மை வடக்கை ஒட்டியது. கட்டுப்பாட்டுக் கோபுரம் வாய்மொழியாகச் சொல்லும் காற்றும் ஓடுதள எண்ணும் காந்த வடக்கை ஒட்டியவை. முக்கோணத்தை முழுவதும் உண்மை வடக்கில் முடித்துவிட்டுக் கடைசியில் மாற்றுங்கள்: மேலே உள்ள கணக்கில் காந்த விலக்கம் (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வேறுபாடு) மேற்கே 5 டிகிரி என்றால் காந்த ஹெடிங் 085.

கூடப் படிக்க ஆளில்லை என்று கேட்டவருக்கு: படி 2-ஐ உரக்கப் பேசிப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். எங்கே குரல் தயங்குகிறதோ அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். படி 5-க்கு மட்டும் எப்படியாவது ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். தொலைபேசியில் பேசினாலும் போதும்.