மதகைக் கூட்டினால் தண்ணீர் பெருகாது: செயற்கைக்கோள் வலையமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூரில் திறந்த தண்ணீரைக் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிக்கலாம், பெருக்க முடியாது. செயற்கைக்கோள் தொடர்பில் மெய்நிகராக்கமும் அப்படித்தான். தனித்தனிப் பெட்டிகளாக இருந்த ரூட்டர், ஃபயர்வால், வேகமூட்டி எல்லாம் ஒரே சர்வருக்குள் மென்பொருளாகக் குடியேறுகின்றன. ஒரே இணைப்பைப் பலருக்குக் கூறுபோட்டும் கொடுக்கலாம். ஆனால் செயற்கைக்கோளில் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர் ஒன்றின் அலைவரிசை அகலம் 36 மெகாஹெர்ட்ஸ் என்றால், அதை எத்தனைக் கூறு போட்டாலும் மொத்தம் 36தான். கணக்கு மறந்து பங்கு விற்றால் கடைமடைக்காரர் காய்வார்.

அந்தப் பங்கையும் வெயில் நாளை வைத்து எழுதிவிடுகிறார்கள். செயற்கைக்கோள் தொடர்புக்குப் பயன்படும் கேயூ பேண்ட் அலைகளை மழை நலியவைக்கும். அதைவிட அதிர்வெண் கூடிய கேஏ பேண்டை இன்னும் கடுமையாக. இணைப்பு அறுந்துவிடாமலிருக்க மோடம் தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் மொத்தமே சுருங்கும்போது சித்திரையில் எழுதிய பங்கு எப்படிப் பொருந்தும்? அவசரச் செய்திக்கு முதல் முறை, வீடியோவுக்குக் கடைசி முறை என்று மழைக்கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது வரிசைப் பிழை. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி ஆகும். 'வந்து சேர்ந்தது' என்ற ஒவ்வொரு ஒப்புகைக்கும் காத்திருந்தால் கோப்பு நகராது. அதனால் வேகமூட்டி இங்கேயே ஒப்புகை கொடுத்து, அனுப்பும் கணினியைச் சமாதானப்படுத்தும். வேதாரண்யம் பக்கம் ஓர் அலுவலகத்தில் விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தன. ஸ்கேன் செய்த படிவம் ஒன்று போய்ச் சேர்வதற்குள் டீ ஆறிவிடும். "சாட்டிலைட் என்றால் அப்படித்தான் சார்" என்றார் ஊழியர். உள்ளே பார்த்தால், தகவலைப் பூட்டி அனுப்பும் விபிஎன் முதலில், வேகமூட்டி பிறகு. முத்திரையிட்ட உறைக்குள் என்ன இருக்கிறது என்று வேகமூட்டிக்கு எப்படித் தெரியும்? பெட்டிகள் இருந்த காலத்தில் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் வரிசை தெரிந்துவிடும். இப்போது அது திரைக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றினோம். அடுத்த டீ சூடாக இருக்கும்போதே படிவம் போய்விட்டது.

வேலை செய்யும் அசலையும், அது விழுந்தால் கைகொடுக்க வேண்டிய மாற்றையும் ஒரே சர்வரில் வைப்பதும் உண்டு. திரையில் இரண்டு பெயர், கீழே ஒரே மின்வயர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. செயற்கைக்கோள் இணைப்பு தேவைப்படுவதே அப்படிப்பட்ட நாளில்தான். மாற்று சர்வர் வேறு ஊரில், வேறு மின்வழியில் இருக்கட்டும். ஐப்பசி பிறக்கும் முன், எல்லோருக்கும் சொல்லிவிட்டு, அசலின் பிளக்கை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள்.